கோல் முன்னால் காவல்: பெண்கள் கால்பந்தில் டிஃபென்டராகப் பிழைப்பது எப்படி

ஸ்ட்ரைக்கருக்குக் கணக்கு சுலபம். பத்து ஆட்டத்தில் எட்டு கோல் போட்டால் பேப்பரில் பேர் வரும், கிளப்பும் தேடி வரும். டிஃபென்டருக்கு அந்த வசதி கிடையாது. தொண்ணூறு நிமிடமும் நீ சரியாக நின்றால் உன் பக்கம் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் கைதட்டுவார்? ஒரே ஒரு தடவை சறுக்கு, மைதானம் முழுக்க உன் பேர்தான். இந்தத் தொழிலுக்கு வரும் பெண் முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்: உன் வேலையை ஊர் எண்ணாது, நீதான் எண்ணி வைக்க வேண்டும். ஆட்டம், உடம்பு, காகிதம், காசு என்று கீழே எதைப் பற்றிச் சொன்னாலும் நான் அங்கேயேதான் வந்து நிற்பேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரி. அந்த ஊரில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து, பின்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்காக மாகாண லீக் வரைக்கும் ஆடி, இப்போது சனிக்கிழமைகளில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்பார்கள், மைதானத்துக்குள் மட்டும் கோச். இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கம் பல வீடுகளில் பெண்ணை ஆட்டத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது ஆயாவும் தாத்தாவும்தான். பிள்ளைகள் இங்கிலீஷில் எதையும் படித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டட்டும்.

எந்த இடம் உனக்கு

பன்னிரண்டு வயதிலேயே "நான் ரைட் பேக்", அதாவது வலது ஓரக் காவல், என்று முடிவு கட்டிவிடாதே. எல்லா இடத்திலும் ஆடிப் பார். நோகோ மட்லோவை எடுத்துக்கொள். 2008-ல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருதை வாங்கிய முதல் தென்னாப்பிரிக்கப் பெண் அவர். வாங்கியபோது அவர் முன்வரிசையில் கோல் போடுகிறவர். பிறகுதான் பின்வரிசைக்கு இறங்கினார். 2023 உலகக் கோப்பைக்கு 37 வயதில் போனபோது அவர் டிஃபென்டர். ஸ்பெயினில் எய்பார் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரைக்கரின் புத்தி எப்படிப் போகும் என்று உள்ளிருந்து தெரிந்தவளை ஏமாற்றுவது லேசில்லை. இன்னொன்றையும் பார்: முன்வரிசையில் வேகம் குறைந்ததும் கதை முடிந்துவிடும். பின்வரிசையில் வேகம் போனாலும் கண்ணும் கணக்கும் இருந்தால் இன்னும் பல வருடம் ஓட்டலாம்.

உயரமும் தலையால் முட்டும் துணிவும் இருந்தால் சென்டர் பேக். மூச்சு வாங்காமல் மேலும் கீழும் ஓட முடிந்தால் ஓரத்தைக் காக்கும் ஃபுல் பேக். நம் பிள்ளைகளில் பலர் குள்ளம். அதற்காக யாராவது ஒதுக்கினால் மனம் விடாதே, ஓரத்தில் இடம் இருக்கிறது. தேசிய அணியில் லெபோஹாங் ரமலெப்பே ரைட் பேக்காக எப்போது முன்னால் ஓடுகிறார், எப்போது ஓடாமல் நிற்கிறார் என்று பார். ஓடாமல் நிற்பதைப் பார்க்கப் பழகினால் பாதி படிப்பு முடிந்தது. நீ இடது கால்காரி என்றால் லெஃப்ட் பேக்கைத் தவிர வேறு எதையும் யோசிக்காதே. நல்ல இடது கால் எந்த நாட்டு கிளப்புக்கும் அபூர்வம்.

நிற்கத் தெரிய வேண்டும்

எதிராளி பந்தோடு உன்னை நோக்கி வருகிறாள். புதுப் பிள்ளை என்ன செய்வாள்? ஓடிப் போய்க் காலை நீட்டுவாள். எதிராளி பந்தை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடுவாள். அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. பந்து அவளிடம் உருண்டு போய்க்கொண்டிருக்கும்போதே வேகமாக நெருங்கு. கடைசி மூன்று நான்கு மீட்டரில் அடியைச் சுருக்கி வேகத்தைக் குறை. நேராக நிற்காதே, பாதி திரும்பி நில், முட்டி மடங்கியிருக்கட்டும், அவளுக்கும் உனக்கும் ஒரு கை நீளம் இடைவெளி. கண் பந்தின் மேல். அவள் தோளை ஆட்டுவாள், இடுப்பை ஆட்டுவாள், அதெல்லாம் உன்னைக் கவிழ்க்கும் வித்தை. நீ திரும்பி நிற்கும் விதத்தாலேயே அவளுக்கு ஒரு வழியைத் திறந்து காட்டு: ஓரக்கோட்டுப் பக்கம், அல்லது அவளுக்கு வராத கால் பக்கம். பிறகு காத்திரு. பந்து அவள் காலை விட்டு ஒரு சாண் கூடுதலாக உருளும் ஒரு நொடி கட்டாயம் வரும். அப்போது கால் வை. சறுக்கிப் பந்தைப் பறிப்பது பார்க்க அழகுதான், கூட்டமும் கத்தும். ஆனால் கீழே விழுந்து கிடக்கும் டிஃபென்டரால் அடுத்த நொடி யாருக்கும் பிரயோசனமில்லை. நான் பயிற்சியில் சறுக்குவதையே தடை செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஆறு மாதம் கழித்து அனுமதித்தால், வேண்டிய இடத்தில் மட்டும் சறுக்குகிறார்கள்.

கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் வந்துவிட்டால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போ. சட்டையைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தை உள்ளூர் ஆட்டத்திலேயே விடு. உள்ளூரில் நடுவர் கண்ணுக்குத் தப்பும். பெரிய போட்டிகளில் வீடியோ நடுவருக்குத் தப்பாது.

அடுத்தது வரிசை. பின்னால் நாலு பேர் நிற்கிறீர்கள். நாலு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது போல நகர வேண்டும். ஒருத்தி ஏறினால் எல்லாரும் ஏற வேண்டும். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது? இதற்கு ஒரே விதிதான், நான் மைதானத்தில் அலுக்காமல் சொல்வது: பந்து வைத்திருப்பவள் மேல் நெருக்கடி இருந்தால் ஏறு, இல்லாவிட்டால் இறங்கு. அவள் தலை குனிந்திருக்கிறாள், முதுகைக் காட்டி நிற்கிறாள், பந்து பின்னால் போகிறது என்றால் வரிசை முன்னால் வரலாம், எதிராளி நம் வரிசைக்குப் பின்னால் நின்று ஆஃப்சைடில் மாட்டுவாள். தலை நிமிர்ந்து, எதிரில் யாரும் இல்லாமல், கால் ஓங்கத் தயாராக இருக்கிறாள் என்றால் பந்து உன் தலைக்கு மேலேதான் வரப்போகிறது. முன்கூட்டியே பின்னால் போ. பந்து வந்த பிறகு திரும்பி ஓடிப் பிடிப்பது ஸ்ட்ரைக்கரோடு ஓட்டப்பந்தயம் வைப்பது, நீ தோற்பாய்.

பந்து வருவதற்கு முன் இரண்டு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பந்தை மட்டும் பார்ப்பவளுக்குப் பின்னால் ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள். பந்தும் ஆளும் ஒரே பார்வையில் தெரியும்படி உடம்பைத் திருப்பி நிற்கப் பழகு.

குரல்

எங்கள் பெண்களுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது இது. சத்தம் போடாதே, பெரியவர் முன்னால் குரல் உயர்த்தாதே என்று வளர்த்துவிட்டு, பதினைந்து வயதில் ஒரு கோச் வந்து "கத்து" என்றால் பிள்ளை எங்கே போகும்? ஆனால் பேசாத சென்டர் பேக் பாதி சென்டர் பேக். முன்னால் நிற்பவர்கள் யாருக்கும் தெரியாத காட்சி உனக்கு மட்டும் தெரிகிறது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அணிக்கு நஷ்டம்.

முதலில் பேர், பிறகு வேலை. பேரைச் சொன்னால்தான் யாருக்குச் சொல்கிறாய் என்று தெரியும். "மேன் ஆன்" என்றால் பின்னால் ஆள் வருகிறாள். "டைம்" என்றால் நேரம் இருக்கிறது, திரும்பலாம். "ஸ்க்வீஸ்" என்றால் வரிசை ஏறு. "ட்ராப்" என்றால் இறங்கு. இந்த நாலோடு ஆரம்பி. டர்பனில் ஆடினால் ஜூலு மொழியும் வேண்டும். உம்லாஸி, சாட்ஸ்வொர்த்துக்கு அடுத்த ஊர். நிறப் பிரிவினைக் காலத்தில் நம்மை இங்கேயும் ஜூலுக்காரர்களை அங்கேயும் பிரித்து வைத்தார்கள், இன்று உன் பக்கத்தில் ஆடும் சென்டர் பேக் பெரும்பாலும் அங்கிருந்து வருகிறவள். பதற்றத்தில் அவள் கத்துவது அவள் மொழியில்தான் இருக்கும். உனக்குப் புரிய வேண்டும்.

கூச்சம் போக நான் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். சென்டர் பேக் கோட்டுக்கு வெளியே நிற்பாள், பந்தைத் தொடக் கூடாது, வாயால் மட்டும் மூன்று பேரை நகர்த்தி ஐந்து நிமிடம் கோல் விழாமல் காக்க வேண்டும். முதல் வாரம் கோல் மழை. போகப் போகப் பிள்ளைக்குத் தன் குரலின் பலம் தெரிந்துவிடும். ஒரு ஆயா என்னிடம் வந்து, "உன்னால் இவள் வீட்டிலும் அதிகாரம் பண்ணுகிறாள்" என்று சொல்லிவிட்டுப் போனார். புகாரா பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

படிக்க வேண்டிய ஆட்டங்கள்

கோல் தொகுப்பு வீடியோக்களைப் பார்த்து டிஃபென்டர் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. முழு ஆட்டத்தையும் பார், ஒரே ஒருத்தியை மட்டும் பார், பந்து அவளிடம் இல்லாதபோது பார். நம் தேசிய அணியான பன்யானா பன்யானா 2023 உலகக் கோப்பையில் ஆடிய மூன்று குழு ஆட்டங்களும் இதற்குப் போதும்.

ஸ்வீடனோடு ஆடிய ஆட்டம்: ஹில்டா மகாயா போட்ட கோலால் நாம் முன்னால் இருந்தோம், அவர்கள் சமன் செய்தார்கள், 90-ஆவது நிமிடம் மூலையிலிருந்து வந்த கார்னர் பந்தை அமண்டா இலெஸ்டெட் தலையால் முட்டி 2-1 ஆக்கிவிட்டார். இலெஸ்டெட் யார்? சென்டர் பேக். அந்தப் போட்டியில் மொத்தம் 4 கோல் போட்டவர். இதில் உனக்கு இரண்டு பாடம். கார்னரில் உன் ஆளைத் தொட்டுக்கொண்டே நில், பந்தைப் பார்த்து மயங்காதே. இரண்டாவது, எதிரணி பெட்டியில் உனக்கும் ஒரு தொழில் இருக்கிறது. வருடத்துக்கு நாலைந்து தலை கோல் போடும் டிஃபென்டருக்குச் சம்பளப் பேச்சில் ஒரு ஆயுதம் கிடைக்கிறது.

அர்ஜென்டினா ஆட்டத்தில் 2-0 என்று ஜெயித்துக்கொண்டிருந்தோம். 74-ஆவது நிமிடம் ஒன்று, 79-ஆவது நிமிடம் ஒன்று, 2-2. அந்த இடைவெளியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார். முதல் கோல் விழுந்ததும் வரிசை எவ்வளவு பின்னால் போனது, நாலு பேருக்கு நடுவே இடைவெளி எப்படி விரிந்தது என்று எழுது. கோல் விழுந்த பிறகு வரும் ஐந்து நிமிடம் டிஃபென்டருக்கு ஆட்டத்திலேயே ஆபத்தான நேரம். அந்த நேரத்தில் வீராப்பு காட்டாதே. பந்தை வெளியே அடி, ஆட்டத்தை மெதுவாக்கு, ஆட்களைப் பேர் சொல்லி இடத்தில் நிறுத்து.

இத்தாலி ஆட்டம் 3-2. தெம்பி கட்லானா தொண்ணூறு நிமிடத்துக்குப் பிறகு நடுவர் சேர்த்த நேரத்தில் போட்ட கோலால் முதல் தடவையாக அடுத்த சுற்றுக்குப் போனோம். ஊர் கொண்டாடியது. நீ கடைசி நிமிடங்களில் பின்வரிசை என்ன செய்தது என்று பார். அதே கண்ணோடு 2022 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டத்தையும் பார்: ரபாத்தில், மொராக்கோவின் சொந்த மைதானத்தில், 80-ஆவது நிமிடம் 2-1 ஆன பிறகு நம் டிஃபென்டர் பம்பனானி ம்பானேயும் மற்றவர்களும் அதற்கு மேல் ஒன்றையும் விடவில்லை. கோப்பை வந்தது. மகாயாவின் இரண்டு கோலை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கடைசி நிமிடங்களை ஞாபகம் வைத்திருப்பவர் பின்வரிசைக்காரர்கள் மட்டும்.

கால் வேலை

இன்றைக்குப் பந்தை வெளியே அடிக்க மட்டும் தெரிந்த டிஃபென்டரை எந்தப் பெரிய கிளப்பும் எடுக்காது. ஆட்டம் உன் காலில்தான் தொடங்குகிறது. சுவர் ஒன்று போதும். வலது கால், இடது கால், ஒரு தொடுகையில் நிறுத்தி அடுத்த தொடுகையில் அனுப்பு. பிறகு முப்பது நாற்பது மீட்டர் குறுக்குப் பந்து, வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு. தலையால் முட்டும்போது கண்ணை மூடாதே, நெற்றியால் முட்டு. அபாயத்தைத் தள்ளிவிட முட்டினால் உயரமாக, தூரமாக, ஓரமாக. இதற்கு மேல் இதை எழுதிப் புரியவைக்க முடியாது, மைதானத்துக்கு வா.

உடம்பு

முட்டியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். பெண் ஆட்டக்காரர்களுக்கு முட்டியின் முன் குறுக்குத் தசைநார், ஏசிஎல் என்று சொல்வார்களே, அது கிழியும் வாய்ப்பு ஆண்களை விடப் பல மடங்கு அதிகம். கிழிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் ஆட்டம் கிடையாது. அதற்கு முன் அவசரப்பட்டு இறங்குபவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து கூடுகிறது. பெரும்பாலும் யாரும் இடிக்காமலே கிழியும்: குதித்து இறங்கும்போது, சட்டென்று திரும்பும்போது, முட்டி உள்பக்கம் மடங்கி. டிஃபென்டருக்கு இது இரண்டும்தானே நாள் முழுக்க வேலை.

ஃபிஃபா 11 ப்ளஸ் என்று ஒரு வார்ம் அப் இருக்கிறது. இருபது நிமிடம், பதினைந்து பயிற்சி, காசு கிடையாது, கருவி கிடையாது. வாரம் இரண்டு தடவையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் நன்றாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உன் கோச் செய்யவைக்கவில்லை என்றால் அரை மணி முன்னாலேயே வந்து நீயே செய். கண்ணாடி முன்னால் குதித்து இறங்கிப் பார்; முட்டி கால் விரலுக்கு நேராக நிற்கிறதா, உள்ளே சாய்கிறதா என்று தெரியும். தலையில் அடிபட்டு ஒரு நொடி இருட்டினாலும் அன்றைய ஆட்டம் உனக்கு முடிந்தது. வீரம் காட்ட அது இடமில்லை.

சாப்பாடு. நம் லீக் வருடத் தொடக்கத்தில் ஆரம்பித்து வருடக் கடைசி வரை ஓடுவதால் புரட்டாசி விரதம் நடு சீசனில் வந்து விழும். விரதம் இருக்காதே என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. ஆனால் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டு விரதம் இருந்தால் மூன்றாவது வாரம் கால் ஓடாது. தீவிரமாகப் பயிற்சி செய்கிறவளுக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். அறுபது கிலோப் பெண்ணுக்கு 84 கிராமாவது. வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம்தான் இருக்கிறது, ஆகவே பருப்பு மட்டும் காணாது: சுகர் பீன்ஸ் கறி, சோயா, தயிர், பனீர், வேர்க்கடலை எல்லாம் தட்டில் இருக்கட்டும். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள், இரும்புச் சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, அது இரும்பைத் தடுக்கும். மாதவிடாய் நாட்களை நாட்காட்டியில் குறித்து வை. மூன்று மாதம் வராமல் நின்றால் அது உடம்பு போதிய தீனி இல்லை என்று சொல்வது, டாக்டரைப் பார்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பது சீசனுக்கு முன்னாலேயே முடிந்துவிடும், பிரச்சினை இல்லை. வெறுங்காலில் சூடான தாரில் நடந்து வந்த கொப்புளம் ஆறும் வரை பூட்ஸ் போடாதே, அவ்வளவுதான்.

அம்மா அப்பாவுக்கும் ஆயா தாத்தாவுக்கும்

சாட்ஸ்வொர்த் பெரியவர்களிடம் பந்து பற்றி வாயெடுத்தால் போதும், மேனிங் ரேஞ்சர்ஸ் கதை வந்துவிடும். 1996-97-ல் நாட்டின் முதல் பிரீமியர் சாக்கர் லீக் கோப்பையை நம் ஊர் கிளப் வாங்கியது, உண்மைதான், பெருமைதான். அந்தப் பெருமையோடு பேத்தியையும் மைதானத்துக்கு அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

காசைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இந்த நாட்டில் பெண்கள் கால்பந்தில் மாதச் சம்பளம் தந்து முழுநேர ஆட்டக்காரராக வைத்திருக்கும் கிளப்புகள் சொற்பம். மற்ற இடங்களில் பெண்கள் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோதான் ஆடுகிறார்கள். ஆகவே பள்ளிக் கடைசிப் பரீட்சையான மெட்ரிக்கை விடச் சொல்லாதீர்கள், விட அனுமதிக்கவும் செய்யாதீர்கள். நல்ல மதிப்பெண்ணும் நல்ல ஆட்டமும் சேர்ந்தால் படிப்புச் செலவுக்குப் பல்கலைக்கழக பர்சரி கிடைக்கும் வழி இருக்கிறது. வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம், ஜொஹானஸ்பர்க் பல்கலைக்கழகம், ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பெண்கள் அணிகள் தேசிய லீக்கிலேயே ஆடியிருக்கின்றன. படிப்பும் ஆட்டமும் ஒரே வளாகத்தில் என்றால் உங்களுக்கும் நிம்மதி. வேலைவாய்ப்பு எப்படி ஆனாலும் கையில் ஒரு டிகிரி இருக்கும்.

ராத்திரிப் பயிற்சிக்கு டாக்ஸியில் தனியே அனுப்பாதீர்கள். மூன்று நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து முறை போட்டு காரில் கூட்டிப் போங்கள். எந்த கிளப்பானாலும் பிள்ளைகளோடு பயணம் போகும் பெரியவர்களில் ஒரு பெண் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் கிளப்புக்கு அனுப்ப வேண்டாம்.

படிகள்

உள்ளூர் கிளப்பில் சேர்ந்ததும் சாஃபாவில், அதாவது தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கத்தில், உன் பேர் பதிவாகிறதா என்று பார். பிறந்த தேதி, பேரின் எழுத்து, அடையாள எண் மூன்றும் பாஸ்போர்ட்டில் வரப்போகிறபடியே இருக்க வேண்டும். நம் பேர்கள் நீளம். ஒரு எழுத்து கூடும், ஒரு எழுத்து குறையும். பின்னால் வெளிநாட்டு கிளப் கூப்பிடும்போது அந்த ஒரு எழுத்து வாரக்கணக்கில் இழுத்தடிக்கும்.

உள்ளூர் லீக்குக்கு மேலே ஒவ்வொரு மாகாணத்திலும் சசோல் லீக். அதற்கு மேலே தேசிய லீக். ஹாலிவுட்பெட்ஸ் சூப்பர் லீக் என்று பேர். அங்கே மமெலோடி சன்டவுன்ஸ் கிளப் மலை மாதிரி. 2021-லும் 2023-லும் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கை வாங்கிய அணி. வயது அணிகள் பக்கம் பார்த்தால் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு பன்ட்வானா, 20 வயதுக்குட்பட்டோர் அணிக்கு பசெட்சானா என்று பேர். பிரிட்டோரியா பல்கலைக்கழக வளாகத்தில் பெண் பிள்ளைகளுக்கான உயர்திறன் மையம் ஒன்று இருக்கிறது; தேசிய அணிக்குப் போன பலர் அதன் வழியாக வந்தவர்கள். டர்பனிலிருந்து அது தூரம், வீட்டை விட்டுப் போக வேண்டும். பதினைந்து வயதில் போக விருப்பமில்லை என்றால் போகாதே. பல்கலைக்கழக வழியும் ஒரு வழிதான்.

உன் கணக்குப் புத்தகம்

முதல் பத்தியில் சொன்னேன் இல்லையா, இதுதான் அது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். யாரோடு ஆடினோம், என் எதிரில் நின்றவள் யார், அவள் எந்தக் கால்காரி. ஒருத்திக்கு ஒருத்தி நேருக்கு நேர் மோதியது எத்தனை, ஜெயித்தது எத்தனை. தலையால் ஜெயித்தது எத்தனை. முன்னோக்கிப் போட்ட பந்தில் போய்ச் சேர்ந்தது எத்தனை. என்னைத் தாண்டிப் போனது எத்தனை தடவை, எங்கே, ஏன். கோல் விழுந்திருந்தால் அது விழுவதற்குப் பத்து நொடி முன்னால் நான் எங்கே நின்றேன். கடைசிக் கேள்விதான் உன்னை வளர்க்கும், அதை ஆட்டம் முடிந்த அன்று ராத்திரியே எழுதிவிடு. மறுநாள் மனசு உனக்குச் சாதகமாகக் கதை சொல்ல ஆரம்பித்துவிடும்.

வீடியோ எடுக்க அண்ணனையோ தம்பியையோ கூட்டி வா. மேட்டில் நின்று, பந்தைத் துரத்தாமல், பின்வரிசை நாலு பேரும் எப்போதும் தெரியும்படி எடுக்கச் சொல். கிளப்புக்கு அனுப்பும் தொகுப்பு நாலைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாட்டுப் போடாதே. ஒவ்வொரு காட்சித் தொடக்கத்திலும் நீ யார் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டு. பறித்த பந்துகளை மட்டும் அடுக்காதே. நீ இடம் மாறி நின்றதால் எதிராளி பந்து போடாமலே திரும்பிப் போன காட்சிகளையும் சேர். விவரம் தெரிந்த கோச் அதைத்தான் தேடுவார். கூடவே ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பும் இருக்கட்டும், நீ தோற்ற ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.

காகிதம்

ஃபிஃபா விதிப்படி தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆடுவதற்கு ஆகும் செலவை விடக் கூடுதலாகப் பணம் கிடைக்க வேண்டும். டாக்ஸிக் காசும் ஒரு ஜோடி பூட்ஸும் தந்துவிட்டு "நீ எங்கள் ப்ரொஃபெஷனல்" என்று சொன்னால் சிரித்துக்கொள்.

ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு மேல் போகக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மூன்று வருடம்தான். கையெழுத்துப் போட்ட பிறகு "மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும்" என்று நிபந்தனை வைக்க முடியாது. பரிசோதனையை முன்னால் செய்துகொள்வது அவர்கள் பொறுப்பு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால் எழுத்தில் பதினைந்து நாள் கெடு கொடுத்து, அப்போதும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு நீ விலகலாம். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு பேச உனக்கு உரிமை உண்டு. பிரசவ விடுப்பு 2021 ஜனவரியிலிருந்து விதியாகவே இருக்கிறது: குறைந்தது 14 வாரம், அதில் 8 வாரமாவது குழந்தை பிறந்த பிறகு, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கர்ப்பம் என்று சொல்லி ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது. இதையெல்லாம் ஏன் பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறாய் என்று ஒரு அம்மா கேட்டார். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும்போது அதே பிள்ளையிடம்தானே நீட்டுகிறார்கள்!

பதினெட்டுக்கு முன் வெளிநாட்டு கிளப்புக்கு மாற, சில விதிவிலக்குகள் தவிர, அனுமதியே இல்லை. "பதினாறு வயதுதான், நான் ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போகிறேன்" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடு. ஏஜென்ட் என்றால் ஃபிஃபா உரிமம் இருக்க வேண்டும். இணையத்தில் பேரைப் போட்டுச் சரிபார்க்கலாம். ஏஜென்ட்டோடு போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. கிளப் ஆள் எடுக்க ஆடவைத்துப் பார்க்கும் ட்ரயலுக்கு முன்பணம் கேட்பவரை நம்பாதே. பாஸ்போர்ட்டை எந்த கிளப்பிடமும் கொடுத்து வைக்காதே. எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி வெளிநாட்டில் ஒரு கிளப்பிடம் அப்படிக் கொடுத்துவிட்டு, சம்பளமும் இல்லாமல் திரும்பவும் முடியாமல் குளிர்காலம் முழுக்கத் தவித்தாள்.

தனியாக நின்று கேட்டால் கேட்காத காது, அணியாக நின்றால் கேட்கும். 2023 உலகக் கோப்பைக்குப் புறப்படுவதற்கு முன் பன்யானா வீராங்கனைகள் பணப் பேச்சும் மைதானத்தின் நிலையும் சரியில்லை என்று போட்ஸ்வானாவோடு நடக்கவிருந்த ஆட்டத்துக்கு இறங்க மறுத்தார்கள். அவசரமாகச் சேர்த்த வேறு அணி ஆடி 5-0 என்று தோற்றது. பிறகு மொட்செபே அறக்கட்டளை 60 லட்சம் ரேண்ட் தந்து பிரச்சினை தீர்ந்தது. அதே பெண்கள்தான் சில வாரத்தில் இத்தாலியை ஜெயித்தார்கள். தென்னாப்பிரிக்கக் கால்பந்து வீரர்கள் சங்கம் இருக்கிறது. முதல் ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்துக்கு முன்னால் அவர்களிடம் காட்டு.

ஆட்டம் ஓய்ந்த பிறகு

ஜானின் வான் வைக் என்ற பேரை உன் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். சென்டர் பேக். தேசிய அணிக்காக 185 ஆட்டம். எகிப்தின் அகமது ஹசன் வைத்திருந்த 184-ஐத் தாண்டி ஆப்பிரிக்காவில் யாரும் தொடாத எண்ணிக்கைக்குப் போனவர். 2019 உலகக் கோப்பையில் கேப்டன். அமெரிக்காவில் ஹூஸ்டன் டாஷ், டென்மார்க்கில் ஃபோர்டுனா யோரிங், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ சிட்டி என்று ஆடினார். அவர் செய்த கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது: ஆடிக்கொண்டிருக்கும்போதே ஜேவிடபிள்யூ என்று தன் பேரின் முதலெழுத்துகளில் பெண்களுக்கு ஒரு கிளப் தொடங்கினார், அது தேசிய லீக் வரைக்கும் வளர்ந்தது. இன்றைய தேசியப் பயிற்சியாளர் டெசிரே எல்லிஸும் ஒரு காலத்தில் அணித் தலைவியாக ஆடியவர்தான்.

ஆகவே கோச்சிங் லைசென்ஸை ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதே. சாஃபாவின் தொடக்கப் படிப்பை இருபது வயதுக்குள்ளேயே முடிக்கலாம், பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏறலாம். பின்வரிசையில் நின்று முழு மைதானத்தையும் பார்த்துப் பேசிப் பழகியவளுக்குப் பயிற்சியாளர் வேலை பாதி தெரிந்த வேலை. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள் அணிகளுக்குப் பெண் கோச் இன்னும் போதவில்லை; சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்தால் உனக்கு ஒரு விசிலும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் தரத் தயாராக இருக்கிறேன்.